தகரத்திலே எழுந்த காவல் தெய்வம்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!"

தெருமுனையிலே தள்ளுவண்டிக்காரர் எழுப்பிய அந்தக் குரலை மறந்தவர் நம்மிலே யார்? ஓட்டை வாளி, ஒடிந்த கரண்டி, துருவேறிய தகர டப்பா – எதைக் கொடுத்தாலும் காகிதத்திலே சுருட்டிய நாலு பழம் கிடைக்கும். தகரம் போகும், பழம் வரும். அதுதான் நாம் அறிந்த வாணிபம்.

இலண்டன் மாநகரின் நடுநாயகமான டிரபால்கர் சதுக்கத்திலே, 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள், அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிக் காட்டினார் ஒருவர். பேரீச்சம்பழப் பாகு அடைத்து விற்கப்பட்ட தகர டப்பாக்கள் – ஒன்றல்ல, நூறல்ல, 10,500 டப்பாக்கள்! அவற்றை வெட்டினார், விரித்தார், அடுக்கினார். மனிதத் தலை, காளை உடல், கழுகுச் சிறகு கொண்ட ஒரு காவல் தெய்வத்தை எழுப்பினார். 14 அடி நீளம். மன்னர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் மட்டுமே இடமளித்துப் பழகிய சதுக்கத்திலே, காலியான தகரத்தால் ஆன தெய்வம்!

செய்தவர் பெயர் மைக்கேல் ரகோவிட்ஸ். அமெரிக்க நாட்டுச் சிற்பி. 1973-இலே பிறந்தவர். தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பாக்தாத் நகரத்து யூதர்கள். 1946-இலே ஈராக்கை விட்டு வெளியேறியவர்கள்.

"தகரத்தை வெட்டிப் பொம்மை செய்தாராம், இதற்கொரு தலையங்கமா?" என்று கேட்கத் தோன்றும், தோழர்களே! புதுக்கலை என்ற பெயரிலே கோடு ஒன்றைக் கிழித்து வைத்துக் கோடி ரூபாய் கேட்கும் கூத்துகளை நானும் அறிவேன். இது அந்தக் கூத்தல்ல. இந்தத் தகரத்துக்குப் பின்னாலே ஒரு களவுக் கதை இருக்கிறது. களவு போனது ஒரு நாட்டின் நினைவு.

டைகிரிசு ஆற்றங்கரையிலே, இன்றைய மோசூல் நகரை ஒட்டி, நினிவே என்றொரு தலைநகர் இருந்தது. அசீரியப் பேரரசன் சனகெரிப், கி.மு. 700 வாக்கிலே, அந்நகருக்கு மலைபோல் மதில் எழுப்பினான். வாயில்தோறும் இருபுறமும் சிறகுள்ள காளைகளைக் கல்லிலே செதுக்கி நிறுத்தினான். லமாசு என்பது அவற்றின் பெயர். உள்ளே வருபவனை உற்றுப் பார்க்கும், தீயதைத் தடுக்கும், ஊரைக் காக்கும். நம் ஊர் எல்லையிலே அரிவாள் ஏந்தி நிற்கும் அய்யனாரை நினைத்துக் கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

அந்தக் கல்லை இழுத்தது யார்? சனகெரிப்பா இழுத்தான்? அவனது அரண்மனைச் சுவரிலே செதுக்கிய படங்கள் இன்றும் இருக்கின்றன. போரிலே பிடிபட்ட கைதிகள், தோளிலே கயிறு பூட்டி, சாரி சாரியாக அந்தப் பெருங்கல்லை இழுக்கிறார்கள். கோலோடு நிற்கிறான் மேற்பார்வையாளன். 2,700 ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்டவன் படம் பதிவாகியிருக்கிறது, பெயர்தான் பதிவாகவில்லை! கல்வெட்டிலே உள்ள பெயர் சனகெரிப் ஒருவனுடையதே.

நினிவேயின் நெர்கல் வாயிலிலே நின்ற லமாசுகள் பேரரசு சரிந்ததைப் பார்த்தன. படையெடுப்புகள் பலவற்றைப் பார்த்தன. 2014 சூனிலே மோசூலைப் பிடித்தது ஐ.எஸ். கும்பல். 2015 பிப்ரவரியிலே, கல் உடைக்கும் துளைப்பொறியைக் கொண்டுவந்து, லமாசின் முகத்தைக் குடைந்தெடுத்தான் ஒரு வெறியன். அதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டி மார்தட்டிக் கொண்டது அந்தக் கும்பல். காட்டுமிராண்டித்தனம் என்று உலகம் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதுதான். யார் மறுப்பார்?

ஆனால் கண்டித்தவர்களிலே சிலரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2003 ஏப்ரலிலே நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அந்த ஏப்ரலிலேதான் அமெரிக்கப் படை பாக்தாத்துக்குள் நுழைந்தது. பேரழிவுப் படைக்கலங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்றார்கள். தேடினார்கள், தேடினார்கள், இறுதிவரை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு! நகரம் காவலற்றுக் கிடந்தது. ஏப்ரல் 10 முதல் 12 வரை, ஈராக் தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்தது கொள்ளைக் கூட்டம். ஏறத்தாழ 15,000 பொருட்கள் பறிபோயின. உலகிலே முதன்முதல் எழுத்தைக் கண்ட மண்ணின் முத்திரைகள், சிலைகள், சட்டிகள், களிமண் ஏடுகள் – அள்ளிக்கொண்டு போனார்கள். அருங்காட்சியக ஆய்வுத்துறைத் தலைவர் டானி ஜார்ஜ், அமெரிக்கத் தளபதிகள் தங்கியிருந்த விடுதிக்கே சென்று காவல் கேட்டார். டாங்கிகள் வந்து காவலுக்கு நின்ற நாள் ஏப்ரல் 16! வீட்டிலே உலக்கைகூட இல்லாமல் வழித்தெடுத்தபின் வாயிற்கதவுக்குப் பூட்டு!

அந்த நாட்களிலே அதே பாக்தாத்தில் ஒரு கட்டடம் அமெரிக்கக் காவலோடு பத்திரமாக இருந்தது. எது தெரியுமா? எண்ணெய் அமைச்சகம்! நிலத்துக்கு அடியிலே இருந்து வருவது இரண்டு: ஒன்று எண்ணெய், மற்றொன்று வரலாறு. எதற்குத் துப்பாக்கி காவல் நின்றது, எது நாதியற்றுக் கிடந்தது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயலாளர் ரம்ஸ்பீல்டைச் செய்தியாளர்கள் கேட்டார்கள். இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்றார். ஒரு நாட்டிலே இத்தனை குவளைகளா இருக்கும் என்று வேடிக்கையும் பேசினார்! அவர் வேடிக்கை பேசிய நாட்களிலே களவு போனவற்றிலே வார்க்கா குவளை ஒன்று. 5,000 ஆண்டுப் பழமை. மூன்றடி உயரம். கீழ் வரிசையிலே நீரும் பயிரும், அடுத்து ஆடுகள், அதற்கு மேலே விளைச்சலைக் கூடையிலே சுமந்து நடக்கும் ஆட்கள் என அடுக்கடுக்காகச் செதுக்கியது. உழைப்பின் ஊர்வலத்தை மனிதன் கல்லிலே பதித்த மிகப் பழைய படங்களிலே ஒன்று. 2003 சூன் 12-ஆம் நாள் அது திரும்பி வந்தது – ஒரு காரின் பின்பெட்டியிலே, போர்வையிலே சுற்றி, உடைந்த துண்டுகளாக.

திரும்பியவை உண்டு, பாதியளவு மீண்டது என்பார்கள். மற்றவை எங்கே? எந்தச் சீமான் வீட்டுக் கண்ணாடிப் பேழையிலே? யார் அறிவார்!

டானி ஜார்ஜைப் பற்றி ஒரு சொல். அவர் அருங்காட்சியகக் காப்பாளர் மட்டுமல்லர், மேளம் அடிப்பவர். மேலைநாட்டு ராக் இசைக்குழு ஒன்றிலே டிரம்ஸ் வாசித்தவர். களவு போனதைத் தேடித் தேடிச் சலித்து, அச்சுறுத்தல் வந்து, 2006-இலே நாட்டை விட்டே வெளியேறினார். 2011-இலே அயல்நாட்டிலே மறைந்தார். பொருள் மட்டுமா நாடு கடந்தது? பொருளைக் காத்தவரும் நாடு கடந்தார்.

இனி ரகோவிட்சிடம் வருவோம். காணாமற்போன பொருட்களின் பட்டியலைக் கையிலெடுத்தார். ஒவ்வொன்றாக, அதே அளவிலே, திரும்பச் செய்யத் தொடங்கினார். பளிங்கிலா? பொன்னிலா? இல்லை. அமெரிக்க நகரங்களிலே ஈராக்கிய, அரபுக் குடும்பங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே கிடைக்கும் தேயிலைப் பொட்டலம், பலகாரப் பெட்டி, பாகு டப்பாவின் மேலட்டை, அரபுமொழி நாளேடுகள் – இவற்றைக் கிழித்து ஒட்டிச் செய்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு: அருங்காட்சியக எண், கிடைத்த இடம், காலம், அளவு, அதன் கீழே 'இன்றைய நிலை: தெரியவில்லை.' இப்படி நூற்றுக்கணக்கில் செய்துவிட்டார். தாம் வாழும் காலத்தில் முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஏன் பேரீச்சம்பழ டப்பா? அதுவும் ஒரு கதை.

ஈராக்குக்கு எண்ணெய்க்கு அடுத்தபடி பெயர் தேடித் தந்தது பேரீச்சை. ஒரு காலத்திலே அங்கே மூன்று கோடி மரங்கள் இருந்தன. ஈரானோடு நடந்த எட்டாண்டுப் போர், அதன்பின் 1991 போர், பின்னர் பொருளாதாரத் தடை – தோப்புகள் பாதிக்குப் பாதி பாழாயின. பிறந்த குழந்தையின் நாவிலே பேரீச்சையைத் தடவி, முதற்சுவை இனிப்பாக இருக்கட்டும் என்று வாழ்த்துவது அந்நாட்டு வழக்கம். நாம் சேனை தொட்டு வைப்பதில்லையா, அதுபோல. அந்த இனிப்பு அமெரிக்காவிலே விலைக்கு வந்தபோது எப்படி வந்தது தெரியுமா? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலே ஒரு கடையில், பாகு டப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார் ரகோவிட்ஸ். 'லெபனான் நாட்டுப் பொருள்' என்றது ஒட்டிய தாள். கடைக்காரர் உண்மையைச் சொன்னார்: பாகு காய்ச்சுவது பாக்தாத்திலே, பீப்பாய்களிலே ஊற்றிச் சிரியாவுக்குப் போகும், அங்கே டப்பாவிலே அடைப்பார்கள், லெபனானிலே பெயர்த்தாள் ஒட்டுவார்கள், அப்புறம்தான் கப்பல் ஏறும். பிறந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பிழைக்க முடியாது! அகதிக்கு நேர்வதுதான் அந்தப் பழத்துக்கும் நேர்ந்தது.

ரகோவிட்ஸ் விடவில்லை. ஏற்றுமதி இறக்குமதி நடத்தியவர் அவருடைய பாட்டனார். 2006-இலே அந்த வாணிபத்தை மீண்டும் திறப்பதாகப் புரூக்ளினிலே ஒரு கடையைப் போட்டார். ஈராக் என்ற பெயரை வெளிப்படையாகத் தாங்கிய ஒரு டன் பேரீச்சம்பழத்துக்கு ஆணை கொடுத்தார். தடைதான் 2003-இலேயே நீங்கிவிட்டதே! சரக்கு வண்டி புறப்பட்டது. யோர்தான் எல்லையிலே, உயிர்தப்பி ஓடிவந்த அகதிகளின் நெடிய வரிசையிலே அதுவும் நின்றது. நாட்கணக்கிலே நின்றது. திருப்பி அனுப்பினார்கள். சிரியா வழி முயன்றார்கள். அங்கும் முட்டுக்கட்டை. பழம் அழுகிப் போயிற்று. கடைக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து வரவேண்டிய உறவினரைப் பற்றிக் கேட்பதுபோல், "பழம் எங்கே வந்திருக்கிறது? எல்லையைத் தாண்டியதா?" என்று கேட்டார்களாம். கடைசியிலே வானூர்தி வழியாகச் சில பெட்டிகள் மட்டும் வந்து சேர்ந்தன. வாணிபத்தில் நட்டம்தான். ஆனால் போர் என்பது என்ன, தடை என்பது என்ன என்பதை ஆயிரம் கூட்டங்களில் சொல்வதைவிட அழுத்தமாக அந்த அழுகிய பழம் சொல்லிற்று.

இந்த வேலைக்கு அவர் வைத்த பெயரையும் சொல்லிவிட வேண்டும்: 'கண்ணுக்குத் தெரியாத பகைவன் இல்லாதொழிக.' சொந்தப் பெயரல்ல, பழைய பெயர். பாபிலோன் நகரத்து ஊர்வலப் பெருந்தெருவின் பெயர் அது. அந்தத் தெருவின் தலைவாயில்தான் நீல ஓடு பதித்த இசுதார் வாயில். செர்மானியர் 1899 முதல் 1917 வரை அங்கே தோண்டினார்கள். வாயிலின் ஓடுகள் பெட்டி பெட்டியாகப் பெர்லினுக்குப் போயின. ஒட்டி உருவாக்கிய வாயில் 1930 முதல் பெர்லின் அருங்காட்சியகத்தின் சொத்து. ஈராக்கிலே மிஞ்சியது? ஒரு போலி வாயில்! பழைய அரசர்களைப்போலப் பாபிலோன் செங்கல்லிலே தன் பெயரைப் பொறித்துக் கொள்ளவும் சதாம் உசேன் மறக்கவில்லை. அடுத்து வந்தது அமெரிக்கப் படை. பாபிலோன் இடிபாடுகளின் மேலேயே 2003-இலே பாசறை அமைத்தது. எலிகாப்டர் இறங்கத் தளம், மண்ணைக் குடைந்து பதுங்குகுழி, தொல்பொருள் கலந்த மண்ணாலே மணல்மூட்டை! 2,600 ஆண்டுப் பழமையான அந்தத் தெருவின் தளக்கற்களைப் படைவண்டிகள் நொறுக்கின. சொன்னது நானல்ல, பிரிட்டிசு அருங்காட்சியகத்தின் அறிக்கை, ஆண்டு 2005. கண்ணுக்குத் தெரியாத பகைவனாம்! கண்ணுக்கு நேராகவே கனரக வண்டியிலே வந்தான் பகைவன்.

விடுவிக்க வந்தோம் என்பது 2003-இலே புதிதாகக் கண்டுபிடித்த சொல்லும் அன்று. 1917 மார்ச்சிலே பாக்தாத்தைப் பிடித்த ஆங்கிலத் தளபதி மாட் என்பவரும், வெல்ல வரவில்லை, விடுவிக்கவே வந்தோம் என்றுதான் அறிக்கை விட்டார். அந்தப் படையிலே பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். பாலமும் பாதையும் போட்டுக் கொடுத்தவர்களிலே நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் உண்டு. வெள்ளைக்காரன் விடுதலை வாங்கித் தந்த அழகை ஈராக்கியர் அறிவர், நாமும் அறிவோம்.

இப்போது டிரபால்கர் சதுக்கத்தைச் சற்றே சுற்றிப் பார்ப்போம், வாருங்கள். நடுவிலே வானளாவிய தூணின்மேல் நெல்சன். நான்கு மூலையிலும் நான்கு பீடங்கள். ஒன்றிலே மன்னர் நான்காம் சியார்சு, குதிரைமேல். ஒன்றிலே சிந்து நாட்டைப் பிடித்த நேப்பியர். ஒன்றிலே 1857 எழுச்சியை ஒடுக்கிய ஹேவ்லாக். இந்த ஹேவ்லாக்கின் கீழே போரிட்டவன்தான் நீல். ஆம், சென்னை மவுண்ட்ரோடிலே சிலையாக நின்றானே, 1927-இலே இளைஞர்கள் சிறை புகுந்து எதிர்த்தார்களே, 1937-இலே தெருவிலிருந்து அகற்றினார்களே, அதே நீல்! அவனை நாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்துவிட்டோம். அவன் தளபதி இலண்டனிலே இன்னமும் நிற்கிறான்.

நான்காவது பீடம்? 1841-இலே கட்டியது. இன்னொரு மன்னருக்குக் குதிரைச் சிலை வைக்கத் திட்டம். பணம் போதவில்லை! ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வெறும் பீடம். 1999 முதல், இக்காலச் சிற்பிகளுக்கு முறைவைத்து அதைக் கொடுக்கிறார்கள். அந்த முறையிலேதான் லமாசு ஏறியது. மூன்று திசையிலே பேரரசின் வெண்கலம்; நான்காவதிலே பேரரசுகள் மிதித்த மண்ணின் தகரம். வயிற்றுப் பக்கத்திலே சனகெரிப்பின் ஆப்பெழுத்துக் கல்வெட்டு, அதுவும் தகரத்திலே. முகமோ தென்கிழக்கே, நினிவே இருக்கும் திசையிலே. திரும்பிப் போகக் காத்திருப்பதுபோல் 2020 வரை நின்றது.

இதிலே ஒன்றை நுணுகிப் பார்க்க வேண்டும், தோழர்களே. இதே சதுக்கத்திலே 2016 ஏப்ரலிலே வேறொரு விழா நடந்தது. சிரியாவின் பால்மைரா நகரத்து வெற்றி வளைவை 2015 அக்டோபரிலே ஐ.எஸ். கும்பல் வெடிவைத்துத் தகர்த்தது. அதன் நிழற்படங்களைக் கணிப்பொறியிலே ஏற்றி, எகிப்திய பளிங்கை இத்தாலியிலே எந்திரத்தால் செதுக்கி, சற்றே சிறிய அளவிலே வளைவை மீண்டும் செய்துகொண்டு வந்து நிறுத்தினார்கள். மாநகரத் தலைவர் போரிஸ் ஜான்சன் திறந்து வைத்தார். கைதட்டல்! படப்பிடிப்பு! மூன்று நாள் காட்சி! பார்த்தீர்களா, அழித்ததை மீட்டுவிட்டோம் என்றது அந்தப் பளிங்கு. என்ன மீண்டது? வளைவின் கீழே நிழலுக்கு ஒதுங்கிய பால்மைரா மக்கள் மீண்டார்களா? வீடு மீண்டதா? கடல் கடந்து வந்த சிரிய அகதிக்குக் கதவு திறந்ததா? கல்லுக்குக் கொடுத்த வரவேற்பு மனிதனுக்கு இல்லை!

லமாசு அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. கிட்டப்போனால் தகரம் தெரியும். பாகு டப்பாவின் வண்ணமும், பேரீச்சை மரப் படமும், அரபு எழுத்தும் தெரியும். நான் அசல் இல்லை, அசல் போய்விட்டது, போனது போனதுதான் என்று அது வெளிப்படையாக நின்றது. ரகோவிட்ஸ் இவற்றை ஆவிகள் என்கிறார். களவு கொடுத்த வீட்டிலே, போன நகைக்குப் பதிலாகக் கவரிங் செய்து பூட்டிக்கொண்டால் ஊர் மறந்துவிடும், காவல் நிலையமும் கோப்பை மூடிவிடும். போன நகையைக் காகிதத்திலே வெட்டி வாசலிலே தொங்கவிட்டால்? போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான்: என்ன ஆயிற்று, யார் எடுத்தது? கணக்கு மூடாது. பால்மைராப் பளிங்கு கணக்கை மூடப் பார்த்தது. தகர லமாசு கணக்கைத் திறந்தே வைத்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான், அழகிலோ விலையிலோ அன்று.

"மனிதர் செத்த இடத்திலே சட்டிக்கும் சிலைக்குமா அழுவது?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்வி. ஈராக்கிலே அந்தப் போரிலும் அதன் பின்விளைவிலும் மாண்டவர் இலட்சத்துக்கும் மேல். அருங்காட்சியகம் கொள்ளை போனதற்குக் கொதித்த உலகம், ஆட்கள் மாண்டதற்கு அந்த அளவு கொதிக்கவில்லை என்பதை ரகோவிட்சே சொல்லித்தான் வருந்தினார். அதனால்தான் அவர் சிலையைச் சிலையால் செய்யவில்லை. அந்த மக்கள் தின்ற பண்டத்தின் உறையால், படித்த நாளேட்டால் செய்தார். பொருளைப் பார்க்க வந்தவன் ஆளையும் பார்த்தே தீர வேண்டும்.

செல்வர் தயவிலே நடக்கும் கலைக்கூடங்களிலேதானே இவரும் காட்சி வைக்கிறார் என்று இடித்துக் கேட்டால், அதற்கும் விடை வைத்திருக்கிறார். 2019-இலே நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தன் பெருங்காட்சிக்கு அழைத்தது. சிற்பிகள் ஏங்கும் அழைப்பு. ஆனால் அதன் ஆட்சிக்குழுத் துணைத்தலைவர், எல்லையிலே அகதிகள்மேல் வீசப்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு செய்த நிறுவனத்தின் முதலாளி. மாட்டேன் என்று ஒதுங்கிக் கொண்டார் ரகோவிட்ஸ். எதிர்ப்பு வளர்ந்தது, சில மாதங்களில் அந்த முதலாளி பதவி விலகினார்.

டிரபால்கர் சதுக்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்திலே இருக்கிறது பிரிட்டிசு அருங்காட்சியகம். அங்கே கல் லமாசுகள் நிற்கின்றன. 1845 முதல் லேயார்டு என்ற ஆங்கிலேயர் நிம்ரூதிலும் நினிவேயிலும் தோண்டி, கயிறு கட்டி இழுத்து, தெப்பத்திலே ஏற்றி, கடல் கடத்திக் கொண்டுபோன வகையைச் சேர்ந்தவை. இழுத்தவர்கள் இம்முறையும் உள்ளூர்க் கூலிகள்தாம். உடைத்தவனைக் காட்டுமிராண்டி என்கிறோம். பெயர்த்துக்கொண்டு போனவனுக்கு 'சர்' பட்டம்! "கொண்டுவந்து காத்தோம், இல்லையேல் அதுவும் உடைந்திருக்கும்" என்பது அவர்கள் வாதம். வீடு தீப்பிடித்தபோது பெட்டியை எடுத்து வைத்தவர், தீ அணைந்தபின் என்ன செய்ய வேண்டும்?

2023-இலே ரகோவிட்ஸ் ஒரு யோசனையை வைத்தார். என் தகர லமாசை இலண்டனிலே உள்ள டேட் கலைக்கூடத்துக்கு இலவசமாகவே தருகிறேன். பிரிட்டிசு அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள கல் லமாசு ஒன்றை ஈராக்குக்குத் திருப்பித் தரட்டும் என்றார். தகரத்துக்குக் கல்! அருங்காட்சியகத்தின் பொருட்களைக் கைவிட இடந்தராத சட்டம் ஒன்று அந்நாட்டிலே இருக்கிறது. 1963-இலே அவர்களே இயற்றிக் கொண்டது. ரகோவிட்சின் பட்டறையிலே பொட்டலத் தாளும் பசையும் இன்னும் மேசைமேல் இருக்கின்றன. பட்டியலிலே செய்யவேண்டிய எண்கள் ஆயிரக்கணக்கிலே பாக்கி.